பேட்டரி வண்டி ஏறிய மேடு

கடைசிக் கயிற்றையும் இழுத்துக் கட்டிவிட்டு வெல்டர் கைகளைத் தட்டிக்கொண்டார். பிக்கப்பின் பின்னால் மூன்று இரும்புக் கேட்டுகள். ஒவ்வொன்றையும் தூக்க நான்கு பேர் வேண்டும்.

அவர் மனைவி அதற்குள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பேட்டரி வண்டி இவ்வளவு பாரத்தோடு, குன்றின் மேல் கேட் மாட்ட வேண்டிய வீடு வரை ஏறிவிட்டால் பட்டறைக்கே சொந்தம். திணறினால் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஷோரூமுக்குத் திரும்பிவிடும், பழைய டீசல் வண்டியே ஓடும். பட்டறையில் சரிபாதிப் பங்கு உள்ள வெல்டரின் அண்ணனோடு அப்படித்தான் பேச்சு.

அண்ணன் வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உறுமாத வண்டிக்கு என்ன பலம் இருந்துவிடப் போகிறது என்பது அவர் கட்சி.

அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை.

பால் வண்டி மாறியாயிற்று. கூரியர் வண்டி மாறியாயிற்று. குப்பை அள்ளுகிற வண்டிகூட மாறிவிட்டது. இரும்பையே உருக்குகிற கரண்ட்டைப் பட்டறைக்குள் வைத்துக்கொண்டு டீசலுக்கு வரிசையில் நிற்கிற குடும்பம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் டீசல் பிக்கப் போனால் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். வேண்டுமானால் அவள் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவும் தயார்.

இதையெல்லாம் கணவரிடம் ஒரு மாதம் விடாமல் சொன்னாள். மனிதர் பிடி கொடுக்கவில்லை. திடீரென்று ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், சரி, எடுத்து ஓட்டிப் பார்ப்போம் என்றார். தன் வாதம்தான் ஜெயித்தது என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்.

வண்டி கடைத்தெருவைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. மேடு தொடங்கியது.

அந்த மேடு அவளுக்கு அத்துப்படி; குன்றின் மேல் எந்த வீட்டில் வேலை என்றாலும் அளவெடுக்க அவளும் கூட வருவாள். டீசல் வண்டி அதில் முதல் கியரில் முக்கி முனகி ஏறும். கதவு அதிரும், கண்ணாடி அதிரும், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது.

அந்த நான்கு நிமிஷம் பத்தொன்பது வருஷமாக அவளுக்கென்றே இருந்தது.

வீட்டில் ஆட்கள், பட்டறையில் அண்ணன். மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வேறு இடம் கிடையாது. மேடு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கணவர் மேல் உள்ள மனக்குறை அத்தனையையும் இன்ஜின் சத்தத்துக்குள் கொட்டித் தீர்ப்பாள். மேலே போய் இறங்கும்போது நெஞ்சு லேசாகியிருக்கும். கீழே வரும்போது வழக்கம்போலப் பேசிக்கொண்டு வருவாள்.

இன்றைக்கு வண்டி தண்ணீர் மாதிரி ஏறியது. முக்கவில்லை, முனகவில்லை. பாரம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. காலையில்தான் பட்டறைக்குப் புது போர்டு கொண்டுவந்து மாட்டினார்கள்.

வளைவு திரும்பியது. பழகிய கழுத்து தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. பழகிய வாய் தானாகத் திறந்தது.

“அளவு எடுக்கிறது நானு, டிசைன் போடுறது நானு, வர்றவங்களுக்குப் பதில் சொல்றது நானு, போர்டுல மட்டும் அண்ணன் பேரு, தம்பி பேரு. என் பேரையும் சேத்து எழுதினா பெயின்ட் தீந்தா போயிடும்? இத ஒரு வார்த்தை கேக்க இந்த மனுஷனுக்கு வாய் வந்துச்சா?”

சொல்லி முடித்த பிறகுதான் மற்ற சத்தங்கள் அவள் காதில் விழுந்தன. டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கியது. பின்னால் கயிறு கிறீச்சிட்டது.

வேறு சத்தமே இல்லை.

அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது.

வண்டி மெல்ல வேகம் குறைந்து மேட்டின் நடுவிலேயே நின்றது. அவ்வளவு பாரத்தோடும் ஓர் அங்குலம்கூடப் பின்னால் நழுவவில்லை. வேறு நாளாக இருந்தால் இதை அண்ணனிடம் நான்கு தடவையாவது சொல்லியிருப்பாள். இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. ஒரு மாதம் மல்லுக்கட்டி வரவழைத்த வண்டியைத் தன் வாயாலேயே ஷோரூமுக்கு அனுப்பிவிட்டாள். இனி அவர் திருப்பிக்கொண்டு போய் விட்டுவிடுவார்.

வெல்டர் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைத் திருப்பவில்லை.

“பத்தொன்பது வருஷமா இந்த மேட்டுல நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு என்னமோ சொல்லிட்டே வர்ற, தாடை ஆடுறது தெரியும், ஒரு வார்த்தை கேக்காது. கீழ இறங்கிக் கேட்டா ஒண்ணுமில்லம்ப. பின்ன இந்த வண்டிக்கு நான் எதுக்குச் சரின்னு சொன்னேன்னு நினைச்ச? முதல்லேர்ந்து சொல்லு.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வண்டியை மெதுவாகவே விடச் சொன்னாள்.