ஒன்பது வருஷ வெயில்

ஏப்ரல் 9, புதன். லேக் மார்க்கெட் சேஷாத்ரி சார் வீட்டு சோலார் மதிப்பீட்டில் அரசு மானியத்தைக் கழிக்க மறந்துவிட்டேன். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தது தவறு. ஐந்து வருஷம்தான்.

பவானிபூர் சோலார் பயிற்சி மாலை வகுப்பில் வாத்தியார் பலகையில் வேறு யாருடைய கணக்கையோ போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மஹிமாவுக்கு அது உறைத்தது. அறைக்கு வந்ததும் டைரியில் எழுதினாள். எழுதிவிட்டு மறுபடியும் கணக்குப் போட்டாள். ஐந்துதான்.

மறுநாள் மதியம், திருத்திய தாளோடு சேஷாத்ரியின் மொட்டைமாடியில் நின்றாள்.

சோலார் கம்பெனியில் சேர்ந்த ஆறு மாதத்தில் அவள் செய்த தவறுகளில் இது ஒன்றுதான் நல்ல தவறு என்று தோன்றியது. எழுபத்தேழு வயதுக்காரரிடம் ஒன்பது வருஷம் என்று சொல்லும்போது அவளுக்கே நாக்கு கூசியது. அவரோ தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே சரி என்று சொல்லியிருந்தார்.

பக்கத்து மனை போன வருஷம் வரை ஓட்டு வீடு. இப்போது பச்சை வலை போர்த்திய ஐந்து மாடி. நல்லவேளை, அது வடக்குப் பக்கம். நிழல் இந்த மாடிமேல் விழாது.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த சேஷாத்ரியின் மனைவி ராஜம் மாமி திரும்பாமலே சொன்னாள்: “பாரேன், இந்த வயசுல வெயிலை விலை குடுத்து வாங்கறார் உங்க சார்.”

“தப்பு என்னோடதுதான் சார்,” என்று மஹிமா தாளை நீட்டினாள். “நாலு வருஷம் குறையுது.”

சேஷாத்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றினார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று கேட்டவர் மாதிரி இருந்தது முகம்.

“பழையதையே வெச்சுக்கப்படாதாம்மா?”

தான் சொன்ன விதம்தான் சரியில்லை என்று நினைத்தாள் மஹிமா. பணம் சீக்கிரம் திரும்புவது நல்லது என்று நிதானமாக விளக்கினாள். அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்தீப்புக்கு நேத்தே பழைய தாளை போட்டோ எடுத்து அனுப்பியாச்சு,” என்றாள் மாமி, கையில் இரண்டு கிளிப்போடு.

சந்தீப் அவர்களுடைய ஒரே மகன். பெங்களூரில் இருக்கிறான். ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் வருவான். தசமி கழிந்ததும் பேச்சை எடுப்பான். வீட்டை, இடித்து அடுக்குமாடி கட்டும் புரமோட்டரிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்பான். போன தடவை பேச்சு முற்றி, வருகிற பூஜை முடிந்ததும் கிளம்புவது என்று அவனே முடிவு செய்துவிட்டுப் போயிருந்தான்.

“டிக்கெட் எடுத்த சினிமாவை நடுவுல விட்டு எழுந்து வந்ததே கிடையாது அவன்,” என்றாள் மாமி. “எத்தனை கண்றாவியா இருந்தாலும் கடைசி வரைக்கும் உக்காந்து பார்ப்பான். ராத்திரி அவனே பதில் போட்டான். ஒன்பது வருஷமா, சரி, போட்ட பணத்தை எடுத்துட்டே வாங்கோன்னு.”

மஹிமா கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

“அஞ்சுன்னா எனக்கு எண்பத்திரண்டு,” என்றார் சேஷாத்ரி. “மறுபடியும் ஆரம்பிப்பான். அப்போ அவனோட சண்டை போட எனக்குத் தெம்பு இருக்காது. எண்பத்தாறுன்னா கேக்க அவனுக்கே வெக்கமா இருக்கும்.”

மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது சரியான கணக்குதான் போகும் என்று மஹிமா சொன்னாள். சொல்லிவிட்டு, சரியாக இருப்பதற்காகக் கூச்சப்பட்டாள்.

“விடுங்கோ,” என்று மாமி துணி வாளியைத் தூக்கிக்கொண்டாள். “அவ வேலை பார்க்க வந்திருக்கா. சாட்சி சொல்ல வரல.”

கீழே கூடத்தில் காபி வந்தது. மஹிமா ஒரு வாய் குடிப்பதற்குள் மின்விசிறி மெதுவாகி நின்றது. பக்கத்துக் கட்டடத்தில் துளை போடும் சத்தமும் நின்றது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

மாமி பனையோலை விசிறியை எடுத்தாள். “பேனல் போட்டுட்டா இது நிக்காதில்லையா?”

இதையும் நேற்று சொல்லாமல் விட்டிருக்கிறோமே என்று மஹிமாவுக்குக் காது சுட்டது.

“நிக்கும் மாமி. மேல வெயில் கொளுத்தினாலும், லைன்ல கரண்ட் இல்லேன்னா பேனலும் நின்னுடும். கூடவே பேட்டரி வெச்சாதான் ஓடும்.”

சேஷாத்ரி நின்றுபோன மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். இருக்கிற ஏமாற்றம் போதாதென்று இன்னொன்றையும் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள் மஹிமா. இனிமேல் எதையும் மறைத்து வைக்கக் கூடாது என்று மிச்சத்தையும் சொன்னாள்.

“பேட்டரிக்குத் தனிச் செலவு சார். அதுக்கு மானியமும் கிடையாது. போட்டது திரும்ப இன்னும் ஒரு நாலு வருஷம் இழுக்கும். உங்க வயசுக்கு நானா அதைச் சொல்ல மாட்டேன்.”

மாமியின் கையில் விசிறி அசைவது நின்றது.

சேஷாத்ரி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் பிடித்திருந்தார்.

“அஞ்சும் நாலும் எத்தனை, ராஜம்?” என்று கேட்டார்.

மாமி விசிறியை மடியில் வைத்துவிட்டு, மஹிமாவின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபியை ஊற்றினாள்.

ஏப்ரல் 10, வியாழன். நாளை காலை: சேஷாத்ரி சார் வீட்டுக்குப் பேட்டரியோடு சேர்த்துப் புது மதிப்பீடு. மானியத்தைக் கழித்த பிறகும் ஒன்பது வருகிறதா என்று இருமுறை சரிபார்க்க வேண்டும்.