தப்பாத கணிப்பு

“இந்த வருஷம் சிறந்த நடிகர் விருது அந்தக் கிழவர் வேஷக்காரருக்குத்தான், அத்தான்!” என்றான் மைத்துனன்.

சினிமா விமர்சகர் ஏளனமாகச் சிரித்தார். “நரைமுடி ஒட்டிக்கிட்டு இருமினா நடிப்பா மச்சான்? இருபது வருஷமா விருதுப் பட்டியலை முன்கூட்டியே எழுதறேன். ஒரு தடவையாவது தப்பியிருக்கா?”

“ஒளிப்பதிவு விருது மட்டும்...” என்று ஆரம்பித்தாள் மனைவி.

“உனக்கென்னடி தெரியும் சினிமாவைப் பத்தி? உள்ளே போய் வேற வேலை இருந்தா பாரு.”

அவள் போய்விட்டாள். மைத்துனன் விடைபெற்றதும் விமர்சகர் கதவைத் தாழிட்டு, பேனாவோடு சமையலறைக்கு ஓடினார்.

“சீக்கிரம் சொல்லு! ஆறு மணிக்குள்ள என் பத்திரிகைக்குப் பட்டியல் போகணும். வழக்கம்போல எல்லாப் படத்துலயும் நான் தூங்கிட்டேன். பக்கத்து சீட்ல உக்காந்து முழுசாப் பார்த்தது நீதானே?”

“காலையிலயே எழுதி அனுப்பிட்டேங்க.”

“அப்பாடா! என் பேரைக் கொட்டை எழுத்துல போடச் சொன்னியா?”

“எதிர்ப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அதுல எதுக்குங்க உங்க பேரு? என் பேரைத்தான் போடறாங்க.”