பட்டியை மூடிய தீர்மானம்

நகராட்சி அலுவலகத்தின் பின்புறம், தெருவில் திரியும் ஆடுமாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு கழுதை மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத் தேடி யாரும் வரவில்லை.

மாதம்தோறும் மன்றக் கூட்டம் முடிந்ததும், கூட்ட அறைச் சுவரில் குடியிருந்த பல்லி, பட்டியைப் பார்த்த ஜன்னலுக்கு வரும்.

"அக்கா, என்னைப் பற்றி ஏதாவது பேசினார்களா?" என்று கழுதை கேட்கும்.

"இல்லை தம்பி. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை. அவ்வளவுதான்."

ஆடி மாதக் கூட்டத்தில் பட்டியை மூடிவிடத் தீர்மானம் வந்தது. பல்லி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"தம்பி, நாளைக்கு உன்னைத் திறந்துவிடப் போகிறார்கள்!"

"யாராவது என்னைக் கேட்டார்களா அக்கா?"

பல்லி தயங்கியது. "யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்றது.

மறுநாள் கதவு திறந்தது. கழுதை வாசலில் வெகுநேரம் நின்று பார்த்தது. கூப்பிட ஆளில்லை. பிறகு ஏதோ ஒரு பக்கமாக நடந்து போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் குடிநீர்த் தொட்டிக்கு இடம் முடிவானது. பல்லி வழக்கம்போல ஜன்னலுக்கு ஓடியது. கீழே வெறும் தரைதான் இருந்தது. நாற்காலிகளை அடுக்கி அறையைப் பூட்டும்வரை அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு, "தொட்டி கீழத்தெருவில் வருகிறது தம்பி" என்று மெல்லச் சொன்னது.