முதல் கட்டம்

பன்னிரண்டு மொழிகளில், நாற்பது நாட்டுக் கிளைகளுக்கும் சேர்த்து, சங்கத்தின் வலைத்தளத்தை ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியிருந்தான் அவன். மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் சரிபார்த்தாகிவிட்டது. நாளை திறப்பு. அதற்குமுன் சாதாரண உறுப்பினர் ஒருவர் பயன்படுத்திப் பார்க்கட்டும் என்று, தையல் வேலை செய்யும் அக்காவை வரவழைத்திருந்தார் செயலாளர்.

அக்கா கால்மணி நேரமாக முதல் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

"மொழி புரியலையாக்கா? மாத்தித் தரட்டுமா?"

"நல்லாவே புரியுது தம்பி."

"கம்ப்யூட்டர் பழக்கமில்லையோ?"

"நல்லாக் கேட்டே போ! பதினாறு வருஷமா விண்ணப்பம் போடறதுதான் என் பொழப்பே."

அவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "அப்புறம் என்ன? அந்த முதல் கட்டத்தை நிரப்பினாத்தான் அடுத்த பக்கம் வரும். பட்டியல்ல உங்களுதைத் தேடித் தொடுங்க, போதும்."

"மேலேயிருந்து கீழே மூணு தடவை தேடிட்டேன். காணோமே!"

"இல்லாம எங்க போகும்? உலகத்துல இருக்கிற அத்தனையையும் ஒண்ணுவிடாம நானேதான் சேர்த்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். 'உங்கள் நாடு எது?' என்று கேட்டுக்கொண்டிருந்தது கட்டம்.

"சொல்லுங்க, எந்த நாடு?"

அக்கா சிரித்தாள். "அப்படி ஒண்ணு இருந்திருந்தா, நான் ஏன் தம்பி இந்தச் சங்கத்துக்கு வரப்போறேன்?"

அவன் திரையின் உச்சியைப் பார்த்தான். அவனே பார்த்துப் பார்த்து வரைந்த எழுத்துகளில் சங்கத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது: 'நாடற்றோர் உரிமைச் சங்கம்'.