பன்னிரண்டு மணிக்குள் ஒரு லேப்டாப்

"முப்பத்திரண்டு ஜிபி ராம். ரெண்டு டிபி ஸ்டோரேஜ். தனியா கிராபிக்ஸ் கார்டு. எல்லாமே இருக்குற மாதிரி ஒரு லேப்டாப் வேணும் தம்பி. விலை எவ்வளவுன்னாலும் சரி."

மீனலோசனி ஆச்சி கையிலிருந்த சீட்டைப் பார்த்து வாசித்தார். காரைக்குடி செக்காலை ரோட்டில் இருந்த அந்தக் கடையில் அப்போது வேறு ஆள் இல்லை.

கடைக்காரர் அருள்பாண்டி நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு ஆச்சி வாங்குறீக?"

"மகனுக்கு."

"மகன் எங்க இருக்காக?"

"சிங்கப்பூர்ல."

"சிங்கப்பூர்ல இல்லாத லேப்டாப்பா காரைக்குடியில இருக்கு?"

ஆச்சியின் முடிக்குள் மறைந்திருந்த இயர்போனில் ஒரு குரல் சீறியது. "அவன் ஏன் இவ்வளவு கேக்குறான்? பேச்சை வளர்க்காதீங்க."

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்தக் குரல் ஆச்சியின் காதிலேயே இருக்கிறது. பெரிய போலீஸ் அதிகாரி என்றது. மகன் கார்த்திகேயன் பெயருக்கு வந்த பார்சலில் போதை மருந்து, அவனும் அவன் போனும் எங்கள் கையில், யாரிடமாவது வாயைத் திறந்தால் இருபது வருஷம் உள்ளேதான் என்றது. கேஸிலிருந்து அவன் பெயரை எடுக்க, எல்லா வசதியும் உள்ள லேப்டாப் ஒன்றை வாங்கிப் பன்னிரண்டு மணிக்குள் கூரியரில் போட வேண்டுமாம். போனை மட்டும் கட் பண்ணக் கூடாது.

இது எந்த ஊர் நியாயம் என்று யோசிக்கக்கூட ஆச்சிக்குத் தெம்பில்லை. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

அருள்பாண்டி ஒன்றை எடுத்து வைத்தார். அவரே குறையும் சொன்னார். "இது சீக்கிரம் சூடாயிரும்."

இன்னொன்றை எடுத்தார். "இதுல பேட்டரி நிக்காது."

"பரவாயில்ல, பில் போடுங்க தம்பி. எனக்கு அவசரம்."

"லட்சக்கணக்குல குடுத்து வாங்குறீக. அவசரப்பட்டா எப்படி? மகன் என்ன வேலை பாக்குறாக? படம் வரையவா, வீடியோ பண்ணவா? அதைச் சொன்னாத்தானே எது ஒத்து வரும்னு சொல்ல முடியும்."

சுவர்க் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. என்ன மனுஷன் இவன்? விலை கூடினதாகப் பார்த்துத் தலையில் கட்டத்தான் இத்தனை கேள்வியா? ஆச்சிக்கு அழுகை முட்டியது.

"வேற கடைக்குப் போ," என்றது குரல். மரியாதையெல்லாம் போய்விட்டது.

ஆச்சி எழுந்தார். காதோர முடி விலகியதை அருள்பாண்டி பார்த்தார்.

"எங்குட்டுப் போனாலும் கிடைக்காது ஆச்சி. நீங்க கேட்டது எல்லாம் உள்ளது என்கிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கு. உக்காருங்க."

கண்ணாடி அலமாரியிலிருந்து அதை எடுத்துத் திறந்தார். நின்றபடியே எதையோ நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆச்சி பக்கம் திருப்பினார்.

"ஸ்க்ரீன் எவ்வளவு தெளிவா இருக்குன்னு நீங்களே பாருங்க."

திரையில் பெரிய எழுத்தில் இருந்தது:

'காதுல பேசுறது போலீஸா? போலீஸ் யாரையும் போன்ல பிடிச்சு வைக்காது. வாயால ஒண்ணும் சொல்லாதீக. மகன் நம்பரை மட்டும் இதுல தட்டுங்க.'

ஆச்சி அதை இரண்டு தரம் படித்தார். உதவி பண்ண வருகிறவனும் அந்தப் போதை மருந்துக் கும்பல்தான் என்று குரல் முன்பே சொல்லியிருந்தது. இவனும் அதில் ஒருவனோ? நம்பரைத் தட்டினால் கார்த்தியை என்ன செய்வார்களோ?

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றது குரல்.

"ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருக்கேன் சார்."

விரல் எழுத்துகளுக்கு மேலேயே நின்றது. அருள்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் ஆச்சியை அசைத்தது. ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். ஒன்று தப்பி, அழித்து, மறுபடி தட்டினார்.

அருள்பாண்டி தன் போனில் சத்தத்தைக் குறைத்துவிட்டு வீடியோ கால் போட்டார். ரிங் போய்க்கொண்டே இருந்தது.

"உன் மகன் இப்ப என் முன்னாடி தரையில உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கான். இன்னும் லேட் பண்ணுன..."

அருள்பாண்டியின் போனில் கார்த்திகேயன் தெரிந்தான். கழுத்தில் ஆபீஸ் அட்டை. கையில் ஸ்பூன். வாய் நிறையச் சோறு.

ஆச்சி இயர்போனைப் பிடுங்கி எறிந்தார்.

"கார்த்தி! சாப்பிடுறியாடா?"

"ஆமாம்மா... யாரு போனு இது? ஏம்மா அழறீங்க?"

ஆச்சி அழுது தீர்க்கும்வரை அருள்பாண்டி பக்கத்திலேயே நின்றார். கைப்பையிலிருந்த போனை வாங்கி, அந்த அழைப்பைத் துண்டித்தார். மகனிடம் விவரம் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஆச்சியிடம் நீட்டினார்.

"குடிங்க ஆச்சி. ஸ்டேஷனுக்கு நானும் வாரேன், எழுதிக் குடுத்துருவோம்."

ஆச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் போயித் தப்பா நினைச்சுட்டேனே தம்பி. நீங்க மனுஷன் இல்ல, தெய்வம்."

அருள்பாண்டி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். ஆச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்படிச் சொல்லாதீக ஆச்சி. போன மாசம் ஒரு வயசான வாத்தியாரு இப்படித்தான் காதுல மாட்டிக்கிட்டு, இதே சேர்ல வந்து உக்காந்தாரு. அவரு கை நடுங்குனதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பில் போட்டேன்."