நம்பர் இல்லாத துப்பாக்கி

நோலன் எழுந்தான். நாயை வெளியே விட்டான். காபி போட்டான்.

வாணலியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினான். ஓரம் சிவக்கும் முன்பே அடுப்பை அணைத்தான். நின்றபடியே சாப்பிட்டான். நாயை உள்ளே விட்டான்.

பிறகு அந்தப் பழைய ரைபிளைப் போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தான்.

அவனுடைய ஊரிலும் துப்பாக்கிக் கடை இருந்தது. அங்கே எல்லோரும் தோளைத் தொட்டு ஆறுதலாக ஏதாவது சொல்வார்கள். அதனால் மினசோட்டாப் பனியில் இரண்டு ஏரிகளைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனான்.

கடைக்காரி மார்லிஸ் ரைபிளை வெளிச்சத்தில் திருப்பினாள். “எங்க புடிச்ச இத?”

“என் மனைவி வாங்கினா. ஏரிக்கரையில ஒரு பெரியவர் பழைய சாமான் வித்துட்டிருந்தார். என் பிறந்தநாளுக்கு.” சற்று நிறுத்தினான். “இதுல சீரியல் நம்பர் இல்ல. ராவி எடுத்திருக்காங்களா?”

ஆமாம் என்று அவள் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தான். திருட்டு, குற்றம், ஜெயில், எதுவானாலும் சரி.

மார்லிஸ் எண்ணெய்த் துணியால் இரும்பைத் துடைத்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நகத்தால் வருடினாள்.

“அரம் பட்ட தடமே இல்ல தம்பி. அறுபத்தெட்டுல நம்பர் கட்டாயம்னு சட்டம் வர்றதுக்கு முன்னாடி இந்த மாதிரி மலிவு ரைபிளுக்கு நிறைய கம்பெனிக்காரங்க நம்பரே அடிக்கல. இருந்ததை அழிச்சாத்தான் குற்றம். பொறக்கும்போதே இல்லாததுக்கு யார் என்ன பண்றது? தாராளமா வச்சுக்க. யாரு உன்ன இப்படி பயமுறுத்தினது?”

“நான்தான்.”

“மூஞ்சியப் பாத்தா காலேஜ் படிச்ச மாதிரில்ல இருக்கு!” அவள் சிரித்தாள். “பொண்டாட்டிக்கு நல்ல கண்ணு. மானுக்குப் பத்தாது, அணிலுக்குப் போதும்னு சொல்லு.”

சொல்கிறேன் என்று தலையாட்டினான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை.

பிறந்தநாள் காலையில், வாணலியில் முட்டை பொரிந்துகொண்டிருக்க, அவன்தான் ரைபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நம்பர் இல்லாததை வைத்திருந்தாலே ஜெயில் என்றான் மனைவி அனிகாவிடம். கொண்டு போகாதே, வழியில் பிடித்துவிடுவார்கள், முதலில் போய் விற்ற பெரியவரிடம் கேள் என்றான். இப்போதே போ என்றான். எங்கேயோ பாதி படித்திருந்தான்.

வெளியே சாலை கண்ணாடியாக உறைந்திருந்தது. ஏரி வளைவில் அவளுடைய கார் சறுக்கியபோது, அவன் இன்னும் அடுப்படியில் ரைபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குச் சற்று முன்பு அனிகா கதவருகே நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“சரிங்க வக்கீலய்யா, கேட்டுட்டு வந்துடறேன். நீ அந்த முட்டையக் கருக விடாத.”