பாசி பிடித்த பெயர்

தோட்டத்துப் புதைகாட்டில் காத்தாயி தன் அப்பனின் தலைமாட்டுக் கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்து முடிக்கிறாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிகளில் பாசி உரசுவது அவள் வேலை. கல்லிலும் அதே கையழுத்தம். அப்பன் பெயரும் செத்த வருஷமும் அதில் கத்தியால் கீறியவை. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா இன்று வந்து பார்த்து, முப்பது வருஷமாக இந்தக் குடும்பம் இங்கேதான் என்று கடிதம் தந்தால், வெள்ளிக்கிழமை பிரஜாவுரிமை விசாரணையில் காட்டலாம். வேறு அத்தாட்சி கிடையாது. புருஷன் மூக்கன் குனிந்து பார்க்கிறான். ஈரக்கல் வெறுமையாக மின்னுகிறது. “எழுத்து எங்க புள்ள?” “பாசிக்கு அடியில இருக்கும்ங்க.” “பாசிதான் புள்ள எழுத்து. கத்தியால கீறுனது மழையில என்னைக்கோ தேஞ்சு போச்சு. அதுல ஒட்டியிருந்த பாசிய வச்சுத்தான் பள்ளிக்கூட மாஸ்டர் படிச்சுக் காட்டுனாரு.” பக்கத்துக் கல்லில் பாசி மயிரிழைக் காம்புகளில் கடுகிலும் சிறிய காய்களைத் தூக்கி நிற்கிறது. காற்று தொட்டதும் பொடி பறக்கிறது. அவள் காலடியில் பச்சைத் துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. உதிர்ந்த துகளும் ஈரம் கண்டால் பிடித்துக்கொள்ளும். ஒரு செடியில் உரசியது அடுத்த செடியில் முளைப்பதை வருஷாவருஷம் பார்க்கிறாள். மேலே பாதையில் கண்டாக்கையாவின் தொப்பி தெரிகிறது. காத்தாயி துகள்களைப் பொறுக்கி, எச்சில் தொட்டுக் குழைத்துக் கல்லருகே கொண்டுபோகிறாள். எழுத்தறியாத கட்டைவிரல், அப்பன் பெயரை எங்கே தொடங்குவதென்று தெரியாமல் கல்லின்மேல் நிற்கிறது.